முடக்குவாதமும் நாம் முடக்கிப் போட்டதும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, பிறகு பிசியோதெரபி பக்கம் போனவள் நான். செயலாளர் போனில் கூப்பிட்டு, "உடற்பயிற்சி பத்தி ஏதாவது பேசுங்கம்மா, நம்ம செட்டுக்கெல்லாம் முட்டி வலி வர்ற வயசு" என்றார். வயதாகித் தேய்கிற முட்டியைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. நான் இன்று முடக்குவாதம் பற்றிப் பேச அனுமதி கேட்டுக்கொண்டேன். ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்களே, அது. 1980-ல் நான் இங்கே முதலாண்டு சேர்ந்த வருடம் என் அம்மாவுக்கு அது வந்தது. அப்போது அம்மாவுக்கு 43 வயது.

இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. முடக்குவாதம் அப்படியல்ல. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நம் மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. முப்பது வயதிலும் வரும், நாற்பதிலும் வரும். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வரும். ஆனால் வந்தவர்களில் பெண்கள், ஆண்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் கை சொன்னபடி கேட்க.

அம்மாவைப் பார்த்த டாக்டர், "நல்லா ரெஸ்ட் குடுங்க, மூட்டுக்கு வேலையே குடுக்காதீங்க" என்றார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். அன்றைய பாடப் புத்தகமே ஓய்வைத்தான் முன்னால் வைத்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில்கூட இந்த நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்க வைப்பதும், மூட்டு அசையாமல் கட்டை வைத்துக் கட்டுவதும் வழக்கமாக இருந்த காலம் அது. நாங்களும் சொன்ன சொல் தட்டாமல் செய்தோம். அப்பா ஆட்டுக்கல்லைக் கொல்லைப்புறம் தள்ளினார். தண்ணீர்க் குடம் என் இடுப்புக்கு வந்தது. சமையல் அத்தை கைக்குப் போனது. அம்மா கட்டிலுக்குப் போனார்.

மறக்க முடியாத ஒன்று உண்டு. சாயங்காலம் யாரும் பார்க்காத நேரம் அம்மா ஒரு முழம் பூ கட்டுவாங்க. "கட்டினா விரல் கொஞ்சம் விட்டுக் குடுக்குது பாப்பா" என்பாங்க. கையில் இருந்த பூவையும் நாரையும் பிடுங்கி வைத்தவள் நான்தான். கல்லூரியில் உயிரியல் படிக்கிறோம், நமக்குத் தெரியாதா என்ற நினைப்பு. பாசத்தில்தான் செய்தேன், ஆனால் செய்தேன்.

1991-ல் குளியலறை நிலைப்படியில் கால் தடுக்கி விழுந்ததில் அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. 54 வயதில். பெரிய விழுகை ஒன்றுமில்லை. ஒரு குழந்தை விழுந்தால் தட்டிவிட்டுக்கொண்டு ஓடியிருக்கும்.

ஏன் அவ்வளவு லேசாக முறிந்தது என்பது தொழிலுக்கு வந்தபிறகுதான் எனக்கு விளங்கியது. மூன்று பக்கத்திலிருந்து அந்த எலும்புக்கு அடி விழுந்திருக்கிறது. முதலாவது, நோயே எலும்பைத் தின்னும். நம் எலும்பு ஒரு பக்கம் அரிக்கப்பட்டு, மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் பொருள். மூட்டில் இருக்கும் அழற்சி, ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்பரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அரிப்பு முந்திக்கொள்கிறது, கட்டுமானம் பின்தங்குகிறது.

இரண்டாவது, ஸ்டீராய்டு மாத்திரை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே அதிசயித்தது, 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பின்னால்தான் அதன் விலை தெரிந்தது. நீண்ட நாள் சாப்பிட்டால் எலும்பு இளகும், அதுவும் முதல் சில மாதங்களிலேயே வேகமாக. ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் அளந்து கொடுத்தால் அது நல்ல மருந்து. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதைத்தான் சொல்கிறேன். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம்.

மூன்றாவது, கட்டில். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானியரான ஜூலியஸ் உல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். டென்னிஸ் வீரரின் ஆடும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். இதற்கு நேர் எதிர், விண்வெளிக்குப் போனவர்கள். எடையே இல்லாத இடத்தில் அவர்களது இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேலாகக் குறையும். எங்கள் வீட்டுக் கட்டிலும் அம்மாவுக்கு ஒருவகையில் விண்வெளியாகத்தான் இருந்திருக்கிறது.

சரி, அசைத்தால் மூட்டு கெடாதா? எங்கள் பயம் அதுதானே. இந்தக் கேள்வியை நேராகவே கேட்டுப் பார்த்த ஆராய்ச்சி நெதர்லாந்தில் நடந்தது. லெய்டன் பல்கலைக்கழக மருத்துவமனையினர் முன்னின்று 309 முடக்குவாத நோயாளிகளைச் சேர்த்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவுக்கு வாரம் இரண்டு தடவை, 75 நிமிடம் கடும் பயிற்சி, இரண்டு வருடம். சைக்கிள், தசைப் பயிற்சி, அதற்குமேல் வாலிபால், பாட்மின்டன் மாதிரி விளையாட்டு வேறு! எங்கள் அப்பா கேட்டிருந்தால் போலீசில் புகார் கொடுத்திருப்பார். 2003-ல் முடிவு வந்தது. பயிற்சி செய்தவர்களின் தசை பலம் கூடியது, அன்றாட வேலை செய்யும் திறன் கூடியது, மனசும் தெளிவாக இருந்தது. கை கால்களின் சிறு மூட்டுகள் அதனால் கூடுதலாகக் கெடவில்லை. 2004-ல் எலும்புக் கணக்கை வெளியிட்டார்கள். பயிற்சிப் பிரிவில் இடுப்பெலும்பு தேயும் வேகம் குறைந்திருந்தது. முதுகெலும்பில் வித்தியாசம் தெரியவில்லை.

கவனிக்க வேண்டும், வேகம் குறைந்தது என்றுதான் சொன்னார்கள், எலும்பு வளர்ந்தது என்று சொல்லவில்லை. பின்லாந்தில் 70 பேரை வைத்து இரண்டு வருடம் செய்த ஆராய்ச்சியிலும் தசை நன்றாகத் தேறியது, எலும்பு அடர்த்தி பெரிதாக ஏறவில்லை. ஆனாலும் தசை தேறினால் கால் தடுக்கும்போது பிடித்து நிற்கலாம். நிலைப்படியில் அம்மாவுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

நெதர்லாந்து ஆராய்ச்சியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முட்டி, தோள் போன்ற பெரிய மூட்டு ஏற்கெனவே நன்றாகக் கெட்டுப்போனவர்களுக்கு, அந்த மூட்டில் சேதம் சற்று அதிகமானது. எல்லாரும் நாளைக்கே குதிக்க ஆரம்பிக்க வேண்டாம். எந்த மூட்டுக்கு எவ்வளவு என்று தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். இந்த நோய் கழுத்தெலும்பின் மேல் மூட்டையும் பிடிக்கும். அதனால் தலைகீழாக நிற்கும் ஆசனம், கழுத்தைச் சுழற்றுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். வீக்கம் பொங்கியிருக்கும் நாளில் மெதுவாக மடக்கி நீட்டினால் போதும். பயிற்சிக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வலி நின்றால் மறுநாள் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. இன்று இந்த நோய்க்கு முதலில் எழுதும் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். அது எல்லப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சிக்கூடத்தின் குழுவிலிருந்து வந்தது. பீமவரத்துக்காரர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். புற்றுநோய்க்கென்று வந்த அந்த மருந்தை, குறைந்த அளவில் முடக்குவாதத்துக்குத் தர அமெரிக்க அரசு 1988-ல்தான் அனுமதித்தது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். முடக்குவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒருநாள் மருந்து. தினம் சாப்பிடும் மாத்திரையென்று நினைத்துச் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தான கேஸ்கள் உண்டு.

2015-ல் இங்கிலாந்திலிருந்து இன்னொரு ஆராய்ச்சி வந்தது. முடக்குவாதத்தில் கை பாதித்த 490 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு, விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சி, ரப்பர் பட்டையை இழுப்பது, பிசைமாவு போன்ற பொருளை அமுக்குவது, இதெல்லாம் தினம் வீட்டிலேயே. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அவர்கள் கையின் செயல்திறன் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேறியிருந்தது. அந்தக் கட்டுரையை ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஒரு முழம் பூவில் அத்தனை மடக்கலும் நீட்டலும் இருந்ததே என்றுதான் தோன்றியது.

இப்போது என்னிடம் வரும் பெண்களிடம் முதலில் கேட்பது, "வீட்ல எந்த வேலையெல்லாம் பிடுங்கிட்டாங்க?" என்றுதான். கூட வந்த மகளோ மருமகளோ தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது.

டீ தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். அரை நிமிடம் மட்டும் கொடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். முழுக்க எழுந்து, முழுக்க உட்காருங்கள். 30 விநாடியில் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். அறுபதை ஒட்டிய நம் செட்டில் பெண்கள் 12-க்கும், ஆண்கள் 14-க்கும் குறைந்தால் தொடைத் தசைக்கு வேலை பாக்கி இருக்கிறது. முட்டியில் வீக்கம் இருப்பவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் வெறுமனே எண்ணினால் போதும். தம்பி, அந்தக் கடைசி வரிசைத் தம்பி, மணி பாருங்க. முன்வரிசையில் எங்கள் விலங்கியல் சார் நான் சொல்வதற்குள் எழுந்தே விட்டார்.