தொலைக்கல்வியும் துணையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வீட்டிலிருந்தவாறே பட்டம் பெறலாம் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. லண்டன் சர்வகலாசாலை 1858ஆம் ஆண்டிலேயே வெளிவாரிப் பட்டத்துக்கு வழி திறந்தது. கொழும்பில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும் அப்பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. ஆனால், கல்லூரி வாயிலை மிதிக்காது தனித்துப் படித்தவனுக்கு லண்டனிலிருந்து வந்தவை பாடத்திட்டமும் பரீட்சையுமே. இடையிலுள்ள பாடெல்லாம் அவனுடையது.

1971இல் முதன்முதல் மாணவரைச் சேர்த்த பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் வேறு வழி சென்றது. புத்தகத்தைத் தபாலில் அனுப்பியதோடு நில்லாது, மாணவர்க்குப் போதனாசிரியரையும் நியமித்தது. ஒப்படைக்குப் புள்ளியிடுவது மட்டுமா அவர் வேலை? எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று எழுதித் திருப்பியனுப்புவதே பெரிய வேலை. நாவலையில் தலைமையகங் கொண்டு 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் ஒப்படை, நேர்முக வகுப்பு, ஊர்தோறும் நிலையங்கள் என்று இவ்வழியையே கைக்கொண்டது. வவுனியாவிலும் ஒரு நிலையம் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவரும் தொடக்கநிலைப் பாடநெறி வழியாக உள்ளே நுழையலாம். 2009 வரை நீடித்த போரினால் படிப்பை இடைநடுவில் விட்டோர் நம் வன்னியில் எத்தனை பேர்! அவர்கட்கு இக்கதவு பெரிது.

எனினும், கதவு திறந்திருந்தாற் போதாது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். நம் ஒழுங்கையிலேயே வசிக்கும் அக்கா ஒருவர், முன்பள்ளி ஆசிரியை, தபால்வழிப் படிப்பொன்றிற் சேர்ந்தார். முதல் ஒப்படையை அனுப்பினார். இரண்டாவதில், 'ஒப்பிட்டு ஆராய்க' என்றிருந்த வினாவுக்கு எவ்வாறு எழுதுவதென்று விளங்கவில்லை. வகுப்புக்குச் செல்லவோ முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம் தாண்டி பஸ் பிடிக்கவேண்டும், வீட்டிலே கைக்குழந்தை. தவணை கடந்தது. தம் பெயரை வெட்டிவிட்டார்களென்று தாமே எண்ணிப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டார். தவறிய பாடத்தை மறுவருடம் மீளப் பதியலாமென்று ஓராண்டின் பின் நாம் சொன்னபோது, "தம்பிமார், இதை அண்டைக்கே ஒராள் சொல்லியிருந்தால் நான் ஏன் கட்டி வைக்கிறன்?" என்றார். அதே ஒழுங்கையில் பட்டதாரிகள் இருவர் இருந்தோம். நாம் கேட்கவேயில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே, வருகின்ற சனிக்கிழமை தொடக்கம் நம் வாசிகசாலை மண்டபத்தைத் தொலைவிலிருந்து படிப்போர்க்கென ஒதுக்குகிறோம். ஒப்படைத் தவணைகளை எழுதிய பலகையொன்று வாசலில் இருக்கும். வினாவை வாசித்து விளக்குவோம். ஒப்படையை எழுதிக் கொடுக்கமாட்டோம். அது துணையன்று, களவு. இருட்டியபின் பெண் பிள்ளைகள் எவ்வாறு வருவதென்று பெரியோர் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிப்போம். குழந்தையையும் கொண்டுவரலாம்.

அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பரணிலிருந்த கட்டை இறக்கிவிட்டாராம்.