தூக்குவாளி திரும்பி வந்த நாள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில், குடும்பங்களுக்கான அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பெருநாள் நெருங்கும்போது தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் நம் குடும்பங்களைக் காண்கிறோம். கைகொள்ளாத பைகள், களைத்த முகங்கள். பெருநாளன்று நல்லாடை அணிவது சிறப்பே. ஆயினும் மூன்று ஆண்டுகளுக்கு முன் பெருநாளன்று என்ன உடுத்தினாய் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? வாங்கியது மறந்துபோகும், சேர்ந்து செய்தது நிலைத்து நிற்கும். அதைப் பற்றியே இன்று சில சொற்கள்.

எங்கள் இளமைக்காலம் மயிலாப்பூரில் கழிந்தது. ரமலானில் அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியுடன் பள்ளிவாசலுக்குச் சென்று நோன்புக் கஞ்சி வாங்கி வருவது வீட்டின் கடைக்குட்டியின் பொறுப்பு. வேறு எவரும் அந்த வாளியைத் தொட அனுமதி இல்லை. அண்டை வீட்டார் சைவ உணவினர் என்பதால், உம்மா அவர்களுக்காக இறைச்சி சேராத கஞ்சியைத் தனியே காய்ச்சி அனுப்புவார்கள். அந்தப் பாத்திரம் ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. சீப்பிலிருந்து பிரித்த இரண்டு பழமோ, ஒரு கைப்பிடிச் சர்க்கரையோ அதில் இருக்கும். நவராத்திரி வந்தால் கொலுச் சுண்டல் எங்கள் வீடு தேடி வரும்.

பின்னர் அடையாற்றில் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தோம். தூக்குவாளி பரணுக்குப் போயிற்று. ஆண்டுகள் பல கடந்தும் எதிர்வீட்டில் வசிப்பவர் பெயரைக்கூட நாங்கள் அறிந்திருக்கவில்லை. குற்றம் எவருடையதும் அன்று, எங்களுடையதே. வசதி வந்தது, வழக்கம் நின்றது.

2020ஆம் ஆண்டு ரமலான் நினைவிருக்கும். ஊரடங்கினால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, தராவீஹ் தொழுகையை வீட்டிலேயே தொழுதோம். பள்ளியில் கஞ்சி வாங்க வழியில்லாததால் வீட்டில் காய்ச்சினோம். அப்போது எங்கள் பேரப்பிள்ளை, “எதிர்வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் கொடுக்கலாமா?” என்று கேட்டான். பரணிலிருந்து வாளி இறங்கியது. அழைப்பு மணியை அழுத்திவிட்டு, வாளியை அவர்கள் கதவுப்பிடியில் மாட்டி, தள்ளி நின்றான். மறுநாள் அது எங்கள் கதவில் தொங்கியது. உள்ளே நான்கு வாழைப்பழங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அந்த முதியவர்கள் இருவரும் தனித்திருந்தனர் என்பதை அதன்பிறகே அறிந்தோம். மே 25 அன்று பெருநாள். புத்தாடை இல்லை, கடற்கரை இல்லை, உறவினர் வருகை இல்லை. எனினும் எங்கள் பேரன் இன்றளவும் பேசுவது அந்தப் பெருநாளைப் பற்றித்தான்.

அன்பானவர்களே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெருநாளைச் சிந்தித்துப் பாருங்கள். ஈகைத் திருநாளில் தொழுகைக்குப் புறப்படுமுன் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பேரீச்சம்பழங்கள் உண்டார்கள். ஒரு வழியில் சென்று மறுவழியில் திரும்பினார்கள். குழம்பு சமைத்தால் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாருக்கும் பகிருமாறு அறிவுறுத்தினார்கள். இவற்றில் பெருஞ்செலவு எங்கே? வீட்டுக்குழந்தையிடம் பேரீச்சம்பழத் தட்டைக் கொடுத்து, “ஒற்றைப்படையாக எண்ணி எல்லோருக்கும் கொடு” என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் காலைப்பொழுதின் முகமே மாறும்.

வழக்கம் வேரூன்றினால் எவ்வளவு உயரும் என்பதற்கு நம் நகரிலேயே சான்று உண்டு. 1947 பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் என்னும் பெரியவர் தொடங்கிய பணியாக, மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையினர் பல பத்தாண்டுகளாகத் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் உணவைத் தம் கையால் பரிமாறி வருகின்றனர். 1795இல் கட்டப்பட்ட அப்பள்ளியின் முற்றத்தில், மாற்றுச் சமயத்தவர் சைவ உணவு சமைத்து வண்டியில் கொண்டுவந்து நோன்பாளிகளுக்கு வழங்கும் காட்சியைக் கண்டவர் மறவார். ஆண்டுகள் பல கடந்தும் பணி நிற்கவில்லை. அடுத்த தலைமுறையின் கை அந்தக் கரண்டியை ஏந்தியது.

நம் இல்லங்களில் எங்கிருந்து தொடங்குவது? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு வேளை உணவைக் கைப்பேசியின்றி ஒரே விரிப்பில் அமர்ந்து உண்போம். பெருநாள் தொழுகை முடிந்து மறுவழியில் திரும்புகையில், அவ்வழியில் உள்ள ஒரு வீட்டையோ கடையையோ பற்றிப் பாட்டனார் ஒரு செய்தி சொல்லட்டும். பெருநாள் காசில் ஒரு பகுதியைக் குழந்தை தானே தேர்ந்தெடுத்த ஒருவருக்குக் கொடுக்கட்டும். மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடந்து சென்றாலே போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். இத்தகைய வீட்டு வழக்கங்களை மார்க்கக் கடமைகளாக்கிவிட வேண்டாம். இயலாத ஆண்டில் விடலாம். அடுத்து, வழக்கத்தின் சுமை முழுவதையும் தாய்மார்கள் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர் மகிழ்ந்திருப்பது நீதியன்று. எங்கள் உம்மா கஞ்சி காய்ச்சினார்கள். வாளியைச் சுமந்தவர்களும் கழுவியவர்களும் நாங்கள். எல்லோரும் பங்கேற்றதனால்தான் அது எல்லோருக்கும் உரியதாயிற்று.

இன்று இல்லம் திரும்பியதும் உங்கள் பரணைச் சற்றுப் பாருங்கள். அங்கே ஒரு தூக்குவாளி காத்திருக்கலாம். நம் இல்லங்களில் அன்பையும் அண்டை வீட்டாரிடையே நல்லிணக்கத்தையும் வல்ல இறைவன் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.