ஆலை அடைத்த பின்னர்



1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15 ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கை அரசின் கைக்கு வந்தது. நாடு மகிழ்ந்தது, மகிழத்தக்க நாளே. ஆயினும், அத்தளத்திலே கப்பல்களைப் பழுதுபார்த்தும் பண்டங்களை ஏற்றியிறக்கியும் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது வேறொரு செய்தியையும் கொணர்ந்தது. கொடி மாறியது, கூடவே வேலையும் போயிற்று.

இவர்களுக்கு அரசு செய்ய எண்ணியது யாது? வேலையிழந்த தமிழ்க் குடும்பங்களுள் ஏறக்குறைய 400 குடும்பங்களைப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் அமர்த்திக் காணி வழங்குவது என்பதாகும். இயந்திரத்தோடு பழகிய கைக்கு மண்வெட்டி எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். நிலமாவது கிடைத்ததா? அதுவுமில்லை. சிங்களக் குடியேற்றவாசிகள் முந்திக்கொண்டு அந்நிலங்களைப் பிடித்தனர். 1958 மே மாதத்துக் கலவரமும் தொடர்ந்தது. ஏட்டில் எழுதிய உதவி ஏட்டளவில் நின்றது.

தளத்தை மூடியது அரசியல் முடிவு. பிறநாட்டுப் பண்டத்தின் மலிவினால் தொழில் நலிவதோ வேறு வகை. அதற்கும் இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. துறைமுகத்திலிருந்து கொழும்பு வீதி வழியே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றால் கந்தளாய். அங்கே குளத்து நீரை நம்பிக் கரும்பு வளர்ந்தது. செக்கோசிலோவாக்கிய உதவியோடு 1960 அளவில் சீனித் தொழிற்சாலை எழுந்தது. மூவினத்தவரும் அதனால் வாழ்ந்தனர்.

சீனியின் உலகச் சந்தையோ நம்பத்தகாதது. 1974 நவம்பரில் ஓர் இறாத்தல் 50 அமெரிக்கச் சதத்துக்கும் மேல் விற்ற பண்டம், 1985 இல் 5 சதத்துக்கும் கீழே இறங்கிற்று. 1977 இன் பின் இறக்குமதிக் கதவும் அகலத் திறந்துவிட்டது. கப்பலில் வந்திறங்கும் மலிவுச் சீனியோடு கந்தளாய்ச் சீனி எங்ஙனம் போட்டியிடும்? 1993 இல் ஆலை அடைபட்டது.

அடைத்தது இறக்குமதிதான் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியுமா? 1986 ஏப்ரில் 20 அன்று கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர் நடந்துகொண்டிருந்தது. பொறிகளும் பழையனவாயின. ஒரு தொழிலாளியின் வேலையைப் பறித்தது இவற்றுள் எது என்று எந்தத் தராசிலே நிறுப்பது?

இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வெளிநாட்டுச் சரக்கினால் வேலையிழந்தோர்க்கு உதவித்தொகையும் புதுத்தொழிற் பயிற்சியும் அளிக்க 1962 இல் சட்டம் இயற்றினர். அழகான சட்டம். ஆனால், தீர்வைச் சலுகையே இழப்புக்குத் தலையாய காரணம் என்று நிறுவ வேண்டுமாம்! 1969 வரை ஒரு தொழிலாளர் குழுவின் விண்ணப்பமேனும் ஏற்கப்படவில்லை. 1974 இல் நிபந்தனையைத் தளர்த்திய பின்னரே உதவி பெருகிற்று. 2022 யூலை முதல் புதிய விண்ணப்பங்களுக்கு அக்கதவு அடைபட்டது. செல்வ நாட்டிலேயே காரணம் தேடிக் காலம் கழிந்ததென்றால், கந்தளாய்த் தொழிலாளி எந்தச் சான்றைக் கொண்டுவந்து காட்டுவார்?

இலங்கையின் 1971 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கச் சட்டம் இவ்வகையில் மேலானது. பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றமின்றி ஒருவரை விலக்குவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். இறக்குமதியா, இயந்திரமா என்ற ஆராய்ச்சியைத் தொழிலாளியின் தலையிலே அது சுமத்தவில்லை. 2005 இல் நட்டஈட்டுக்கு ஒரு கணக்கு முறையும் வகுத்தனர். உச்ச எல்லை 48 மாதச் சம்பளம். 12½ இலட்சம் ரூபாவாயிருந்த வரம்பு 2021 இல் 25 இலட்சமாயிற்று.

ஆயினும் இரு குறைகள் உள. வேலை போவதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் 180 நாளேனும் உழைத்திருத்தல் வேண்டும். கரும்பு வெட்டுக்காலத்துக்கு மட்டும் வரும் கூலியாள் அந்தக் கணக்கை எட்டுவது அரிது. தன் காணியிலே கரும்பு நட்டு ஆலைக்கு விற்றவரோ அதன் ஊழியரே அல்லர். ஆலை மூடினால் அவர் வயலும் மூடியதே. மற்றையது, பணம் கொடுப்பதோடு சட்டத்தின் கடமை முடிந்துவிடுவது. கொதிகலனைக் காத்தவர் அடுத்து எந்தக் கொதிகலனைக் காப்பார் என்று அது கேட்பதில்லை. இத்தனைக்கும், துறைமுகத்தைச் சுற்றி மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எழுந்தது 1977 இன் பின்னர்தான். கைத்தொழிலறிந்தவர்களை அங்கு வழிப்படுத்த ஒரு பதிவேடும் ஆறு மாதப் பயிற்சியும் பெருஞ்செலவு ஆகா.

கந்தளாய் ஆலையைப் புதுப்பிக்கும் பேச்சு அதன் பின்னர்ப் பன்முறை எழுந்தது. 1993 இல் முப்பது வயதினராய் அதன் வாயிலை விட்டு வெளியேறியவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்.