எந்தக் கேள்விக்கு இந்தப் பதில்?



திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் முடித்துத் திரும்பும்போது செங்கம் சாலையில் ரமணாசிரமத்துப் புத்தகக் கடையில் ரமணரின் ‘நான் யார்?’ என்ற சிறு நூலை வாங்கி வருகிறவர்கள் உண்டு. வீட்டில் ஏற்கெனவே வேறொரு பதிப்பு இருந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். ஒரு பதிப்பில் 28 கேள்வி பதில்கள், மற்றொன்றில் 30. இன்னொரு வடிவத்தில் கேள்வியே இல்லை. எல்லாம் ஒரே கட்டுரையாக ஓடுகிறது. அப்படியானால் இந்த நூலுக்கு மூலமாக அன்று மலைமேல் நடந்த உரையாடல் எது?

கேட்டவர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்த பட்டதாரி, தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறை ஊழியர். 1902 வாக்கில் அலுவலாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர், விரூபாட்சி குகையில் இருந்த இளம் துறவியைப் பார்க்க மலை ஏறினார். ரமணருக்கு அப்போது 22 வயதுதான். மௌன விரதம் என்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அநேகமாகப் பேசமாட்டார். பிள்ளை கேட்பார், இவர் சைகை காட்டுவார். அது புரியாவிட்டால் மணலிலோ சிலேட்டிலோ எழுதிக் காட்டுவார். மணலில் எழுதியது எத்தனை நேரம் நிற்கும்? பிள்ளையின் குறிப்புகள்தான் மிஞ்சின. அவற்றிலிருந்து சில கேள்வி பதில்களை அவர் 1923இல் அச்சிட்டார். இடையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

முதல் கேள்விக்கான பதிலில், உடம்பு நான் அல்ல, புலன்கள் நான் அல்ல என்று நீண்டுகொண்டே போகும் பகுதி ஒன்று உண்டு. அதைக் கையெழுத்துப் பிரதியில் பார்த்த ரமணர், இவ்வளவு விரிவாகத் தாம் சொல்லவில்லையே என்றாராம். பிள்ளைக்கு வேதாந்தப் பழக்கம் இருந்ததால் விரித்து எழுதிக்கொண்டார், அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று ரமணரும் விட்டுவிட்டார் என்பது அன்பர்களிடையே வழங்கும் செய்தி. ஆக, பதிலுக்குள்ளேயே கேட்டவரின் குரலும் கலந்திருக்கிறது. பின்னாளில் கேள்விகளை எடுத்துவிட்டுக் கட்டுரையாக மாற்றியவர் ரமணரே. தொடக்கப் பத்தி ஒன்றையும் புதிதாகச் சேர்த்தார். ஆசிரியரே செய்த மாற்றம் என்பதால் அதில் எனக்குப் புகார் இல்லை. கேள்விகள் ஒரு காலத்தில் இருந்தன என்பது தெரிந்து படித்தால் போதும்.

கேள்வி தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று ‘விசார சங்கிரகம்’. அதே காலம், அதே குகை. கேட்டவர் கம்பீரம் சேஷய்யா, திருவண்ணாமலை நகராட்சி ஓவர்சியர், ராம பக்தர். ராமகீதையும் விவேகானந்தரின் ராஜயோகமும் படித்துக்கொண்டிருந்தார். அவற்றில் எழுந்த சந்தேகங்களை ரமணரிடம் கேட்டார். பதில்கள் துண்டுக் காகிதங்களில் வந்தன. சேஷய்யா அவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அவர் காலமான பிறகு அவருடைய சகோதரரிடமிருந்து அது ஆசிரமத்துக்கு வந்தது. சாது நடனானந்தர் அதை ஒழுங்குபடுத்தி, ரமணரின் இசைவோடு நூலாக்கினார்.

இந்த நூலில் மூச்சடக்கம், யோகத்தின் அங்கங்கள் எல்லாம் வருகின்றன. இதை மட்டும் படிக்கிறவர், ரமணர் யோகப் பயிற்சியை இப்படிப் போதித்தாரா என்று கேட்பார். சேஷய்யாவின் கையில் என்ன புத்தகம் இருந்தது என்று தெரிந்தால் அந்தச் சந்தேகம் எழாது. அவர் காட்டிய பக்கத்துக்கு இவர் பொருள் சொன்னார்.

எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்ற இந்தத் தொல்லைக்கு மின்னஞ்சலில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு அஞ்சலுக்கும் ஒரு தனி அடையாளம் இருக்கிறது. பதில் அனுப்பினால், எந்த அஞ்சலுக்குப் பதில் என்ற குறிப்பும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே போகும். அந்தக் குறிப்பு விட்டுப்போனால் கணினி தலைப்பைப் பார்த்து ஊகிக்கும்; சம்பந்தமில்லாத இரண்டை ஒட்டியும் வைத்துவிடும். சேஷய்யாவின் துண்டுக் காகிதங்களில் அப்படி எந்த அடையாளமும் இல்லை.

1935 முதல் 1939 வரை ஆசிரமத்தில் நடந்த உரையாடல்களை முனகால வேங்கடராமய்யா எழுதி வைத்தார். 1955இல் அது ஆங்கிலத்தில் நூலாக வந்தது. அங்கே சிக்கல் வேறு விதம். பல இடங்களில் கேட்டவர் பெயர் இல்லை, வெறுமனே ‘பக்தர்’ என்றுதான் இருக்கும். ஐந்தாவது கேள்வியைக் கேட்டவரும் ஆறாவதைக் கேட்டவரும் ஒருவரேயா, ஹாலின் மறுகோடியில் இருந்து வேறொருவர் குறுக்கிட்டாரா என்பதை வாசகர்தான் ஊகிக்க வேண்டும். தொனி திடீரென்று மாறினால் ஆள் மாறியிருக்கலாம். போதாததற்கு, ரமணர் தமிழில் சொன்னது ஆங்கிலத்துக்குப் போய்விட்டுத் தமிழுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

1945 முதலான காலத்துக்கு நம் அதிர்ஷ்டம் கூடுதல். தேவராஜ முதலியார் வழக்கறிஞர். 1945 மார்ச் முதல் 1947 ஜனவரி வரை ஆசிரமத்தில் நடந்த பேச்சுகளை நாள் போட்டு ஆங்கிலத்தில் குறித்தார். அதே ஹாலில் கேட்டவற்றைச் சூரி நாகம்மா தன் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதங்களாக எழுதினார். இருவரின் பதிவுகளும் தமிழில் படிக்கக் கிடைக்கின்றன. முதலியார் பதிலைக் கச்சிதமாகத் தருவார். யார் வந்தார்கள், எதனால் பேச்சு எழுந்தது என்பதையெல்லாம் நாகம்மா சொல்லிக்கொண்டு போவார். இரண்டு நூல்களிலும் 1946ஆம் வருஷத்தை எடுத்து, தேதிவாரியாக அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள்.