டீசல் எஞ்சினின் ஹெட் கேஸ்கட்: கெடுவது ஏன், காப்பது எப்படி?

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



சாலை, கிணறு, பள்ளிக்கூடம் என்று பேசவேண்டிய இடத்தில், இரண்டு இரும்புப் பாகங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு மெல்லிய தகட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணமில்லாமல் இல்லை. சென்ற கோடையில் அத்தகடு ஒன்று கெட்டதனால், நமது வட்டாரத்தில் குழாய் எட்டாத ஒரு மேட்டுக் குடியிருப்பு, டிராக்டரில் பூட்டிய தொட்டி வண்டி வராமல் ஒன்பது நாட்கள் குடிதண்ணீருக்கு அலைந்தது. அந்தப் பழியில் டிராக்டருக்குப் பங்கு குறைவு, நமக்கே அதிகம். அதைப் பிறகு சொல்லுகிறோம்.

முதலில் அந்தத் தகடு என்னவென்று பார்ப்போம். எஞ்சினின் அடிப்பாகம் பிளாக்கு. அதன்மேல் மூடிபோல் அமர்ந்திருப்பது சிலிண்டர் ஹெட். இரண்டையும் போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. இடையில் இருப்பதே ஹெட் கேஸ்கட். சிலிண்டருக்குள் எரியும் வாயு வெளியே போகாமலும், குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் புகாமலும், எண்ணெய் இவ்விரண்டோடும் கலவாமலும் காப்பது அது ஒன்றுதான். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 முதல் 20 மடங்கு வரை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறோம். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவமும் இதுவே. ஆகையால் பெட்ரோல் எஞ்சினைவிட இதன் கேஸ்கட் தாங்கவேண்டிய அழுத்தம் மிக அதிகம்.

கேஸ்கட் தானாகக் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் சூடுதான் அதைக் கெடுக்கிறது. எஞ்சின் அளவுக்கு மீறிக் காய்ந்தால் ஹெட் சீராக விரிவதில்லை. மயிரிழை அளவு கோணிக்கொள்ளுகிறது. அந்த மயிரிழை வழியே வாயு சீறத் தொடங்கினால், கேஸ்கட்டை அரித்துக்கொண்டே போகும். அலுமினியம் இரும்பைப்போல் இருமடங்கு விரியக்கூடியது. எனவே அலுமினிய ஹெட் உள்ள வண்டிகளில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும்.

சூடு ஏன் ஏறுகிறது? சேற்றுழவில் கேஜ் வீல் பூட்டி முழுப்பாரத்தில் ஓட்டும்போதும், கதிரடிக்கும் களத்தில் நிற்கும்போதும், தூசியும் பதரும் ரேடியேட்டரின் கண்களை அடைத்துவிடுகின்றன. ஃபேன் பெல்ட் தளர்ந்தால் விசிறியும், பெரும்பாலான எஞ்சின்களில் வாட்டர் பம்பும் சேர்ந்தே தளர்கின்றன. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று எண்ணுவோர் பலர். உள்ளே அழுத்தத்தை நிறுத்திவைத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடாமல் தடுப்பது அதன் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் ஓய்ந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால், சோறு வடிக்கும் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் எஞ்சினின் உட்சுவரிலும் சுண்ணாம்பு படியும். சூடு வெளியே வர வழியில்லை. தயாரிப்பாளர் சொல்லும் கூலண்டை, அவர் சொல்லும் அளவில், நல்ல தண்ணீரில் கலந்து ஊற்றுவதே முறை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் குளிர்ச்சி கூடும் என்பதும் தவறான எண்ணம். சில எஞ்சின்களில் அதனால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டும் வழக்கமும் உண்டு. மஞ்சள் குழம்புக்கு உகந்தது. ரேடியேட்டர் குழாய்களை அது அடைக்கவே செய்யும்.

பம்புசெட் வைத்திருப்போர் இதைத் தனியே கவனிக்கவேண்டும். பல டீசல் பம்புசெட்டுகளில், பம்பு இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு குழாய் பிரிந்து எஞ்சினைக் குளிர்விக்கிறது. ஃபுட் வால்வில் பாசியோ சருகோ சிக்கினால், அல்லது கிணற்றில் நீர்மட்டம் இறங்கிப் பம்பு காற்றை இழுத்தால், வாய்க்காலுக்குத் தண்ணீர் நிற்கும் அதே நிமிஷத்தில் எஞ்சினுக்கும் நிற்கும். பாரம் குறைந்த எஞ்சினோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர் அதன் சத்தத்தை நம்பிப் போகிறார். சத்தம் போதாது, அந்தச் சிறு குழாயில் வெளிவரும் தண்ணீரைக் கண்ணால் பார்க்கவேண்டும், கையால் தொட்டும் பார்க்கவேண்டும்.

கேஸ்கட் கெட்டதற்கு அடையாளங்கள் உண்டு. வெளியே ஒழுக்கு இல்லாமலே தண்ணீர் குறையும். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காது. எண்ணெய் அளவுக் கம்பியை எடுத்தால் மோர் கலந்தாற்போல் எண்ணெய் வெளுத்திருக்கும். எஞ்சின் முற்றும் ஆறியிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழ்கள் சிறிது நேரத்தில் அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சூட்டோடு மூடியைத் திறப்பவர் முகமும் கையும் வெந்துபோவார். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தண்ணீர் புகுந்த சிலிண்டரோடு எஞ்சினை வலிந்து ஓட்டுவதும் ஆபத்து. தண்ணீர் காற்றைப்போல் நெருங்கிக் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இனி நமது டிராக்டரின் கதை. அதன் ஓட்டுநர் கெட்டிக்காரர். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது, ரேடியேட்டர் மூடி சீறுகிறது, பெல்ட் விரிந்துவிட்டது என்று அவர் எழுதிக் கொடுத்தார். மூடியும் பெல்ட்டும் கடைத்தெருவில் அன்றே வாங்கக்கூடியவை. அக்காகிதம் விலைப்புள்ளிக்காக நமது மேஜையில் பதினோரு நாட்கள் கிடந்தது. அத்தனை நாளும் அவர் தொட்டியில் இருந்த போர்வெல் தண்ணீரையே நடைக்கு ஒரு முறை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் நண்பகலில், இனி ஓட்டக்கூடாது என்று போனில் சொன்னார். குடியிருப்பில் குடங்கள் வரிசையில் நின்றன. இன்னும் இரண்டு நடை முடித்துவிட்டு நிறுத்துங்கள் என்று சொன்னவர்கள் நாமே. முதல் நடையிலேயே மேட்டில் வண்டி நின்றது. தாகத்தோடு நின்றவர்களில் ஒருவர் உதவி செய்ய எண்ணி, ஒரு குடம் தண்ணீரைக் காய்ந்த எஞ்சினில் ஊற்றினார். ஹெட்டில் வெடிப்பு விட்டது. கேஸ்கட்டோடு போகவேண்டிய செலவு புது ஹெட்டில் போய் நின்றது.

முள் ஏறுவதைக் கண்டால் பாரத்தை உடனே விடவேண்டும். தண்ணீர் இருந்தால் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். முள் இறங்காவிட்டாலோ, தண்ணீர் போயிருந்தாலோ, அணைத்துவிடவேண்டும். தானாக ஆறும்வரை தண்ணீர் கூடாது.

மாற்றும்போது செய்கிற பிழைகளால் புதுக் கேஸ்கட்டும் சில மாதங்களில் போகிறது. சூடேறிய காரணத்தைக் கண்டு தீர்க்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றுவது முதற்பிழை. ஹெட்டின் மட்டத்தை நேர்விளிம்புச் சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத கோணல் அது. போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று நான்கு தவணையாக, டார்க் ரெஞ்சு கொண்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கவேண்டும். கைப்பழக்கம் போதும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் அந்த ரெஞ்சு இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கழற்றிய கேஸ்கட்டை மீண்டும் போடலாகாது. எண்ணெய் வெளுத்திருந்தால் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியாகவேண்டும். மிகப் பழைய எஞ்சின்களின் கேஸ்கட்டில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்து எடுக்கவேண்டும்.

இப்பொழுது நமது அலுவலகத்தில் பெல்ட் ஒன்றும், ரேடியேட்டர் மூடி ஒன்றும், ஹோஸ் ஒரு ஜோடியும் எப்போதும் இருப்பில் உள்ளன. முள் சிவப்பைத் தொட்டால் யாரைக் கேட்காமலும் வண்டியை நிறுத்தும் அதிகாரம் ஓட்டுநருக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது. அன்று தண்ணீருக்கு வேறு ஏற்பாடு செய்வது நமது பொறுப்பு. டிராக்டர் வைத்திருக்கும் பஞ்சாயத்துகள் இதேபோன்று தீர்மானம் செய்யலாம். மாதிரி நகல் வாசலருகே மேஜையில் உள்ளது. வெடித்த அந்த ஹெட்டையும் புளியமரத்தடியில் வைத்திருக்கிறோம். உணவுக்குப் பின் அந்த ஓட்டுநரே அதைக் காட்டி விளக்குவார். கேட்கவேண்டியதை அவரிடம் கேளுங்கள்.