புல்வெளியில எதுக்குப் பாலம்?

இன்னைக்கு இங்கிலாந்தோட டெர்பிஷையர்ல இருக்கிற ஸ்வார்க்ஸ்டன் பாலம். ட்ரெண்ட் ஆற்றுக்கு மேல இருக்கிறது 5 வளைவுதான். ஆனா அதைத் தாண்டியும் புல்வெளி மேல கல்பாதை நீளுது. மொத்தம் சுமார் 1.2 கிலோமீட்டர். 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கே பாலம் இருந்திருக்கு.

வேடிக்கை என்னன்னா, மாடு மேயற அந்த நிலத்திலயும் நடுநடுவே 17 வளைவு. எதுக்கு? மண்ணைக் கொட்டி மேடாக்கியிருந்தா வேலை சுலபம். ஆனா ட்ரெண்ட் பொங்கினா அந்த மேடே அணை மாதிரி மறிக்கும். ஒரு பக்கம் தண்ணி ஏறி ஏறி, கடைசியில மேட்டையே அரிச்சுத் தள்ளிடும். வளைவு இருந்தா வெள்ளம் கீழே, ஆளுங்க மேலே. முக்கால்வாசி நாள் சும்மா நிக்கிற அந்த வளைவுகள்தான் என்னைப் பொறுத்தவரை நிஜமான டிசைன். (சர்வர்ல பண்டிகை நாள் கூட்டத்துக்கு இடம் விட்டு வைக்கிறோமே, அந்தக் கணக்கு!)

ஆற்று மேல இருந்த பகுதி வெள்ளத்தில போய், 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில மறுபடி கட்டினது.

இன்னைக்கும் ஏ514 சாலை இது மேலதான் போகுது. எடை வரம்பு 7.5 டன். பாதை குறுகல், வண்டி இடிச்சுக் கைப்பிடிச் சுவர் சரியறதும் நடக்குது. வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டவங்க, பாவம், லாரியை எங்கே கண்டாங்க! புறவழிச்சாலை வேணும்னு ஊர்க்காரங்க ரொம்ப நாளா கேக்கிறாங்க.