கூரை மழையும் கொல்லை நெல்லியும்



தகடூர் என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவது ஒரு நெல்லிக்கனி. அதியமான் நெடுமான் அஞ்சி அதனைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்த செய்தியைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தோர் அவன் முன்னோர் என்பதும் அந்நூல் தரும் செய்தியே. இம்மண்ணின் புகழ் வாளால் மட்டும் வந்ததன்று. மரத்தாலும் பயிராலும் வந்தது. அத் தகடூரே இன்றைய தருமபுரி.

அத்தகைய நிலத்துச் சிற்றூர்களில் எத்தனையோ பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்க நாணுகின்றனர். ஏன்? பல்லெல்லாம் பழுப்புக் கறை. சாம்பலிட்டுத் தேய்த்தாலும் போகாத கறை. வெளியிலிருந்து ஒட்டியதன்று, பல் உருவாகும்போதே உள்ளே படிந்தது. முதியோரிலோ சிலர்க்கு மூட்டு மடங்குவதில்லை, முதுகு நிமிர்வதில்லை. இவற்றிற்குக் கரணியம் குடிக்கும் நீரில் உள்ளது.

இம்மாவட்டத்தின் அடிநிலம் கடும்பாறை. அப்பாறையில் புளூரைடு என்னும் வேதிப்பொருள் கலந்த கனிமங்கள் உள்ளன. நீர் பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கத் தங்க அப்பொருள் நீரில் கரைகிறது. ஓர் இலிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாது என்பது அறிவியலார் வகுத்த எல்லை. அவ்வெல்லையை மீறிய கிணறுகள் இம்மாவட்டத்தில் பல. இதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணாலும் மூக்காலும் கண்டறிய இயலாத பகை இது. கொதிக்கவைத்தால் நோய் நுண்ணுயிர் சாகும், புளூரைடு சாகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இந்நோயைத் தடுக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, சப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 1,900 கோடி உருவாவுக்கு மேல் செலவாகி, 2013-இல் தருமபுரிக்கும் கிருட்டிணகிரிக்கும் காவிரி நீர் வந்தது. பெரும்பணி, வாழ்த்தத்தக்க பணி. ஆயினும் குழாயில் நீர் வாரா நாளில் கை எதனை நாடும்? ஆழ்துளைக் கிணற்றைத்தான் நாடும். அரசு தன் கடமையைச் செய்தாலும் வீடு தன் கடமையைச் செய்யாவிடில் நோய் முற்றும் நீங்காது.

வீட்டின் கடமை யாது? வானம் நாள் பார்த்துத் தருவதை வாங்கி வைப்பது. மழைநீரில் பாறையின் நஞ்சு இல்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஓர் இலிட்டர் நீர். ஆண்டு மழையை 800 மில்லிமீட்டர் என்றே கொள்வோம். 50 சதுர மீட்டர்க் கூரையில் 40,000 இலிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 32,000 இலிட்டர் எஞ்சும். ஐவர் உள்ள குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 இலிட்டர் வேண்டும் என்று கொண்டால், ஆண்டு முழுமைக்கும் 9,125 இலிட்டர் போதும். மழையில்லா நான்கு திங்களைக் கடக்க 3,000 இலிட்டர்த் தொட்டி ஒன்று போதும்! தேவையைப்போல் மும்மடங்குக்கு மேற்பட்ட நன்னீரைத் தெருவில் ஓடவிட்டு, நஞ்சு கலந்த நீரை மின்பொறி வைத்து இறைப்பது எவ்வகை அறிவுடைமை?

செய்முறை எளிது. மழைக்கு முன் கூரையைப் பெருக்குக. முதல் மழை நீரைத் தொட்டிக்குள் விடாது கழித்துவிடுக. அடுத்து வருவதைக் கூழாங்கல், மணல், அடுப்புக்கரி அடுக்கிய வடிகலம் வழியாக இறக்குக. வெயிலும் கொசுவும் புகாதவாறு தொட்டியை மூடி வைக்க, குடிக்குமுன் காய்ச்சுக. நிரம்பி வழிவதை வீட்டுக் கிணற்றுக்குத் திருப்பினால் அங்குள்ள நீரின் செறிவும் குறையும். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கிற்று. அன்று வைத்த குழாய் இன்று திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்பதை அவரவர் தம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இனிக் கொல்லைக்கு வருவோம். அரிசி களைந்த நீர், ஏனம் கழுவிய நீர், குளித்த நீர் ஆகியவை சாக்கடைக்கு உரியன அல்ல. வாழைக்கும் தென்னைக்கும் உரியன. சோப்புக்கு மாற்றாகச் சீயக்காயும் அரப்பும் பயன்படும் வீட்டில் அந்நீர் மண்ணைக் கெடுக்காது. செடியடியில் சருகும் வைக்கோலும் பரப்பி மூடாக்கு இட்டால், வெயில் உறிஞ்சும் நீர் மிகவும் குறையும். சருகைக் கொளுத்துவோர் மண்ணின் உணவைக் கொளுத்துகின்றனர். காய்த்தோலும் சருகும் சாணியும் மாறிமாறி அடுக்கிய எருக்குழி ஒன்று இருந்தால் கடையில் உரம் வாங்கவும் வேண்டா. தெருவில் குப்பை கொட்டவும் வேண்டா.

அக்கொல்லையில் என்ன நடுவது? நெல்லி நடுக, முருங்கை நடுக, கீரை விதைக்க. சுண்ணாம்பு ஊட்டமும் 'சி' உயிரூட்டமும் குறைந்த உடலையே புளூரைடு எளிதில் வெல்லும் என்று மருத்துவர் கூறுவர். நெல்லியில் ஒன்றும் முருங்கைக் கீரையில் மற்றொன்றும் மிகுதி. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்பு ஊட்டம் 340 மில்லிகிராமுக்கு மேல்; தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. களியும் கூழும் ஏழையின் உணவென்று இகழ்ந்து ஒதுக்கிய வீடுகள் எதனை ஒதுக்கின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், சிறுவர்கள் புளி உண்டபோது சிறுநீர்வழி வெளியேறும் புளூரைடு மிகுவதைக் கண்டுள்ளனர். ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது: நல்லுணவு நன்னீருக்குத் துணை, மாற்று அன்று.

இறுதியாக நெகிழி. 2019 சனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 14 வகையைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிற்று. சட்டம் கடைக்காரரைத் தடுக்கும். நீட்டும் கையைத் தடுப்பது பழக்கமே. துணிப்பை கையிலிருந்தால் நெகிழிப்பை வீட்டிற்குள் வாராது. வந்துவிட்டதை அடுப்பில் இட்டு எரித்தலோ தீமையிலும் தீமை. அந்நச்சுப்புகையை முதலில் உண்பவர் அடுப்பருகே நிற்கும் தாயும் இடுப்பிலிருக்கும் குழந்தையும் ஆவர்.

இவற்றுள் எதுவும் புதியதன்று. எருக்குழி, மூடாக்கு, சீயக்காய், அரப்பு, களி, கூழ் எனச் சொல்லெல்லாம் தமிழ். செயலெல்லாம் தமிழ்க் குடியினது. செயல் வீட்டைவிட்டுப் போனால் சொல்லும் நாவைவிட்டுப் போகும். அகரமுதலியில் மட்டும் வாழும் சொல் உண்மையில் வாழ்வதன்று. அதனை மீட்கும் வழி அச்செயலை மீட்பதே.

நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கும் பருவம் ஏறத்தாழ எட்டு அகவை வரை. அதன்பின் நன்னீர் தந்தாலும் படிந்த கறை போகாது. ஆகவே இது நாளைக்குத் தள்ளத்தக்க பணியன்று. ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொருவரும் தம் கூரையைப் பார்க்க, வடிகலம் அமைக்க, கொல்லையில் ஒரு நெல்லி நடுக. அதியமான் கொடுத்தது ஒரு கனி. அவன் நிலத்து மக்கள் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது, கறையில்லாப் பல்லும் நிமிர்ந்த முதுகும்.

வாழ்க தமிழ்! வாழ்க தகடூர்!